நெட்வொர்க்கிங் சான்றிதழ் பயிற்சி: வேலையில் சில வருடங்கள் ஓடிய பிறகு

சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க்கிங் சான்றிதழான சிசிஎன்ஏ எழுதித் தேறி, வேலையில் சேர்ந்து, மூன்று வருடக் கெடு முடியும் முன் அதைப் புதுப்பித்தும் ஆயிற்று. பயிற்சி முடிந்த கையோடு எழுதப்படும் விமர்சனங்களில் "சார் நன்றாகப் பாடம் எடுத்தார், முதல் தடவையே பாஸ்" என்பதைத் தாண்டி அதிகம் இருப்பதில்லை. பாஸ் ஆவதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. நள்ளிரவில் ஒரு கிளை அலுவலகம் மொத்தமாகத் துண்டித்துப்போய் ஃபோன் அடிக்கும்போது, படித்ததில் எது கைகொடுத்தது, எது காலை வாரியது என்பதுதான் விஷயம்.

நான் இரண்டு இடங்களில் படித்தேன். இரண்டு இடத்திலும் பாடத்திட்டம் ஒன்றேதான்; அது இருக்கவும் வேண்டும். சிசிஎன்ஏ-வுக்கு எழுதும் 200-301 தேர்வுக்கான பாடப் பிரிவுகளை சிஸ்கோவே வெளியிட்டிருக்கிறது: ரூட்டிங் அடங்கிய ஐபி கனெக்டிவிட்டிக்கு 25 சதவீதம், அடிப்படைகளுக்கும் ஸ்விட்சிங் சார்ந்த பகுதிக்கும் தலா 20, செக்யூரிட்டிக்கு 15, ஐபி சர்வீசஸுக்கும் ஆட்டோமேஷனுக்கும் தலா 10. ஆகவே விளம்பரத் தாளில் உள்ள பாடப் பட்டியலை வைத்து எந்தப் பயிற்சியையும் எடைபோட முடியாது. எல்லார் தாளிலும் அதே பட்டியல்தான்.

முதலில் சேர்ந்த இடம், பெயர் வேண்டாம், ஸ்லைடுகளால் ஆனது. பாடம் முடிந்ததும் லேப். லேப் என்றால், தாளில் அச்சடித்த கமாண்டுகளை வரிசையாகத் தட்டுவது. கடைசி வரியில் பிங் (மறுமுனைக் கருவி பதில் தருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனை) போகும், எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். கோர்ஸ் முடியும் தருவாயில் 'டம்ப்' என்று ஒரு ஃபைல் கைமாறியது: தேர்வில் வந்த கேள்விகள் விடையோடு. இது தேர்வு எழுதுமுன் நாம் ஒப்புக்கொள்ளும் விதிகளுக்கு நேர் எதிர், பிடிபட்டால் சான்றிதழே ரத்தாகலாம். அதைவிடப் பெரிய இழப்பு இன்டர்வியூவில் தெரியும். இன்று நானே சில இன்டர்வியூக்களில் உட்காருகிறேன். ஒரு ரவுட்டர், இரண்டு ஸ்விட்ச், அவற்றில் இரண்டு விலான் (ஸ்விட்சுக்குள் பிரித்துவைக்கும் தனித்தனி நெட்வொர்க்) வரைந்துவிட்டு, "விலான் 20-இல் எல்லாருக்கும் ஐபி வருகிறது. விலான் 10-இல் இருப்பவருக்கு மட்டும் 169.254 என்று வருகிறது. எங்கிருந்து பார்ப்பீர்கள்?" என்று கேட்போம். டம்ப் படித்தவர் 169.254 என்றால் ஐபி கிடைக்காத கம்ப்யூட்டர் தானே வைத்துக்கொள்ளும் முகவரி என்று அழகான விளக்கம் சொல்வார். அத்தோடு நின்றுவிடுவார். லேபில் அடிபட்டவர் போர்ட் சரியான விலானில் இருக்கிறதா, டிரங்கில் (பல விலான்களைச் சுமக்கும் இணைப்பில்) விலான் 10 போகிறதா, ரவுட்டரில் அந்த விலானுக்கு ஐபி வழங்கும் டிஎச்சிபி சர்வருக்கு வழிகாட்டும் ஹெல்ப்பர் அட்ரஸ் கொடுத்திருக்கிறதா, டிஎச்சிபி பூலில் முகவரி மிச்சம் இருக்கிறதா என்று கீழிருந்து மேலே போவார். நடுவில் ஒன்றை விட்டால்கூடப் பரவாயில்லை, போகும் திசை தெரிகிறது.

இரண்டாவது இடத்தில் அந்தத் திசையைத்தான் கற்றுக்கொடுத்தார்கள். அங்கே இருந்த பயிற்றுநர் பகலில் வேறு நிறுவனத்தில் நெட்வொர்க் வேலை பார்ப்பவர். கட்டமைப்பது எப்படி என்று சொல்லித்தரும் நேரம் குறைவு, உடைத்துவைப்பது அதிகம். இடைவேளைக்குப் போய் வருவோம், ஓடிக்கொண்டிருந்த லேப் படுத்திருக்கும்.

ஒருநாள் இரண்டு ரவுட்டர்களுக்கு நடுவே ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் தங்களுக்குள் பாதைத் தகவலைப் பரிமாறிக்கொள்ளும் முறை) எழும்பவில்லை. பிங் போகிறது. ஏரியா எண் ஒன்றுதான். ஹலோ ('நான் இருக்கிறேன்' என்ற அறிவிப்பு), டெட் (அது வராவிட்டால் காத்திருக்கும் நேரம்) டைமர்கள் 10, 40 நொடி என்று இரு பக்கமும் ஒத்துப்போகின்றன. ஆனால் 'ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் நெய்பர்' போட்டால் தகவல் பரிமாற்றம் தொடங்கும் எக்ஸ்ஸ்டார்ட் என்ற நிலையிலேயே நிற்கிறது. ஆளுக்கொரு கமாண்டைத் தட்டிக்கொண்டிருந்தோம். அவர் ஒருவரிடம் வந்து, "என்னப்பா பார்த்தே? அதிலிருந்து என்ன தெரிஞ்சுது? அடுத்து ஏன் இதைப் பார்க்கிறே?" என்று மட்டும் கேட்டார். மூன்றாவது கேள்விக்கு எங்களில் யாரிடமும் பதில் இல்லை. பிறகு அவரே ஒரு வழி காட்டினார்: ஹலோ போய் வந்துவிட்டது, அதற்கு அடுத்த படியில் சிக்குகிறது என்றால், அந்தப் படியில் இரண்டு பேரும் எதைப் பரிமாறிக்கொள்கிறார்கள்? டேட்டாபேஸ் விவரப் பாக்கெட். அதற்குள் இன்டர்ஃபேஸின் எம்டியு அளவும் (ஒரு பாக்கெட் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற உச்சவரம்பு) போகிறது. ஒரு பக்கம் 1500, இன்னொரு பக்கம் அவர் இடைவேளையில் மாற்றிவைத்த 1400. சிறிய பிங் பாக்கெட்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை என்பதால் பிங் மட்டும் ஜோராகப் போய்க்கொண்டிருந்தது.

இந்தப் பிரச்சினையை வேலையில் நான் அடிக்கடி சந்தித்ததில்லை. அந்த மூன்று கேள்விகளை ஒவ்வொரு டிக்கெட்டிலும் (பதிவாகும் புகாரிலும்) சந்திக்கிறேன். பார்த்தது, புரிந்தது, அடுத்த சோதனைக்குக் காரணம் என்று எழுதிவைத்தால், ஷிஃப்ட் மாறி வருபவர் விட்ட இடத்திலிருந்து தொடர முடிகிறது.

இன்னொன்று, எதையும் மாற்றுவதற்கு முன் திரும்பி வரும் வழியைப் போட்டுவைப்பது. 'ஷோ ரன்' (ஓடிக்கொண்டிருக்கும் கான்ஃபிகரேஷனைக் காட்டும் கமாண்டு) எடுத்துச் சேமித்துவைக்காமல் கைவைத்தால் அந்தப் பயிற்றுநர் லேபை அழித்து முதலிலிருந்து செய்யச் சொல்வார். அப்போது எரிச்சலாக இருக்கும். வேலையில் ஒரு இரவு, தொலைவில் இருந்த ஒரு ஸ்விட்சின் டிரங்கில் புதிய விலான் சேர்க்க வேண்டியிருந்தது. அனுபவசாலியான சக ஊழியர்தான் தட்டினார். 'ஸ்விட்ச்போர்ட் டிரங்க் அலவ்ட் விலான்' என்று அடித்து, 'ஆட்' என்ற சொல்லை விட்டுவிட்டு நேராக எண்ணைப் போட்டுவிட்டார். அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் சிஸ்கோ ஸ்விட்ச் ஏற்கெனவே இருந்த பட்டியலைத் தூக்கிவிட்டுப் புதிய எண்ணை மட்டும் வைத்துக்கொள்ளும். நாங்கள் உள்ளே நுழைந்திருந்த மேனேஜ்மென்ட் விலான் உட்பட எல்லாம் போச்சு, எங்கள் செஷனும் அறுந்தது. ஆனால் ஆரம்பிக்கும் முன்பே 'ரீலோட் இன் 10' கொடுத்திருந்தோம், புதிய கான்ஃபிகரேஷனைச் சேமிக்கவும் இல்லை. பத்து நிமிடம் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஸ்விட்ச் தானாக ரீபூட் ஆகி பழைய கான்ஃபிகரேஷனோடு எழுந்தது. யாரும் காரெடுத்துக்கொண்டு ஓடவில்லை.

குறைகளும் உண்டு. அந்த நல்ல பயிற்சியிலும் வயர்லெஸ் பாடம் கடமைக்கு நடந்தது. வேலையில் வரும் புகார்களில் வைஃபைக்குத் தனி இடம் உண்டு. ஆட்டோமேஷனுக்கு ஒரு மாலைப்பொழுது, அதில் ஜேசன் (தரவை எழுதும் ஒரு வடிவம்) என்றால் என்ன என்பதோடு முடிந்தது. 2024 ஆகஸ்டில் பாடத்திட்டம் 1.1 ஆனபோது டெர்ராஃபார்ம் என்ற ஆட்டோமேஷன் கருவி, செயற்கை நுண்ணறிவு எல்லாம் உள்ளே வந்தன, ஆகவே இப்போது சேர்பவர்கள் இந்தப் பகுதியை எப்படி நடத்துகிறார்கள் என்று கட்டாயம் கேட்கவேண்டும். பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கை ஒருமுறை திறந்து காட்டினார்கள், அவ்வளவுதான். போய்வரும் பாக்கெட்டுகளுக்கு நடுவே உள்ள நேர இடைவெளியைக் கண்ணால் பார்த்து, "நெட்வொர்க் ஸ்லோ" என்ற புகாரில் சர்வர்தான் தாமதம் செய்கிறது என்று நிரூபிக்கும் வித்தையை நான் வேலையில்தான் கற்றேன். ஃபைபர் பேட்ச் கார்டையும், அதைச் செருகும் எஸ்எஃப்பி மாட்யூலையும் முதன்முதலில் தொட்டதும் வேலையில்தான்.

கருவிகள் பற்றி நிறைய சண்டை நடக்கும். பாக்கெட் டிரேசர் இலவசம், சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் கணக்குத் தொடங்கினால் கிடைக்கும், சிசிஎன்ஏ வரைக்கும் பெரும்பாலும் போதும். ஆனால் அது ஒரு சிமுலேட்டர்தான். நிஜக் கருவியில் உள்ள பல கமாண்டுகள் அதில் இருக்காது. ஜிஎன்எஸ்3, ஈவ்-என்ஜி போன்றவற்றில் நிஜ இயங்குதளமே ஓடும், அதற்கான இமேஜை (இயங்குதளக் கோப்பை) முறையாக வாங்கவேண்டும், கம்ப்யூட்டரில் ரேமும் தாராளமாக வேண்டும். பழைய ஸ்விட்ச்களை வாங்கி வீட்டில் அடுக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை, அந்த ஃபேன் சத்தத்தில் படிப்பு ஓடாது. ஆனால் கன்சோல் கேபிளை நிஜ ஸ்விட்சில் செருகி, 9600 பாட் வேகம் வைத்து, பாஸ்வேர்டு ரெக்கவரி ஒருமுறையாவது செய்ய வைக்கும் பயிற்சியாக இருந்தால் நல்லது.

எந்தச் சான்றிதழ் என்ற கேள்விக்கு நான் நீட்டி முழக்கமாட்டேன். ஹெல்ப்டெஸ்க்கில் தொடங்குபவருக்கு காம்ப்டியா நெட்வொர்க் பிளஸ் பொருந்தும்: எந்த நிறுவனத்தின் கருவியையும் சாராதது, 90 நிமிடத்தில் அதிகபட்சம் 90 கேள்விகள், 900-க்கு 720 எடுத்தால் தேறலாம். ரவுட்டர், ஸ்விட்சில் கைவைக்கப் போகிறவருக்கு சிசிஎன்ஏ. போகவிருக்கும் இடத்தில் ஜூனிப்பர் நிறுவனக் கருவிகள்தான் என்று தெரிந்தால் அவர்களுடைய ஜேஎன்சிஐஏ. மூன்றையும் வரிசையாக எழுதி ரெஸ்யூமேயில் அடுக்குபவர்களைப் பார்க்கிறேன்; அந்தப் பணத்தையும் நேரத்தையும் லேபில் போட்டிருக்கலாம்.

இனி யாராவது என்னிடம் கேட்டால், சேருமுன் ஒரு லேப் வகுப்பில் உட்கார அனுமதி கேளுங்கள் என்பேன். தியரி வகுப்பை டெமோவாகக் காட்டுவார்கள், அது வேண்டாம். லேபில் பிங் போகாமல் ஒரு மாணவர் திணறும்போது பயிற்றுநர் கீபோர்டைப் பிடுங்கித் தானே சரிசெய்கிறாரா, பக்கத்தில் நின்று கேள்வி கேட்கிறாரா என்று பாருங்கள். வகுப்பு முடிந்த பின் லேப் எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று கேளுங்கள். அப்புறம் பயிற்றுநரிடமே, கடைசியாக அவர் சந்தித்த அவுட்டேஜ் (நெட்வொர்க் முடக்கம்) என்ன என்று பேச்சுக்கொடுங்கள். வேலையில் இருப்பவர் என்றால் நிறுத்த முடியாத அளவுக்குப் பேசுவார். "பாஸ் கேரண்டி" என்று எழுதியிருந்தால் அதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு டம்ப் ஃபைல் இருக்கும்.

புதுப்பித்தலுக்கு இரண்டு வழி: மறுபடி ஒரு தேர்வு, அல்லது சிஸ்கோ ஏற்கும் படிப்புகளில் 30 கிரெடிட். நான் தேர்வையே எழுதினேன், சப்நெட்டிங்குக்கு (நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் கணக்குக்கு) ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை. ஐபி-யின் புதிய பதிப்பான ஐபிவி6-இல்தான் உட்கார்ந்து படிக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் என் வேலையில் அது இன்னும் அதிகம் வரவில்லை. அடுத்த கெடுவுக்கு கிரெடிட் வழியில் போக நினைக்கிறேன், வயர்லெஸ் படிப்பு ஒன்றை அதற்காகப் பார்த்துவைத்திருக்கிறேன். சேருமுன் அவர்களுடைய லேபைக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.