பால் வண்டி நேரம்

வேலந்தாவளம் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் வாடகைக் காரின் டிரைவர், “இனி கேரளம்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பலகைகளில் மலையாள எழுத்து கூடியிருந்தது, அவ்வளவுதான். கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் விலை பேசுவதும் சண்டை போடுவதும் கொங்குத் தமிழில்தான். பழைய கொச்சி சமஸ்தானத்துச் சித்தூர் தாலுகா இது. 1956-இல் மாநிலங்களுக்குக் கோடு போட்டபோது நாங்கள் கேரளத்தின் பக்கம் விழுந்தோம்.

இந்த முறை வந்தது கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ அல்ல, பெரியப்பாவைப் பார்க்க. நாற்பது வருடம் வெற்றிலையோடு புகையிலை அடக்கிய இடது கன்னத்தில் புற்று வந்திருந்தது. எல்லைக்கு அப்பால் ஒரு நகரத்தில், பெரிய தனியார் மருத்துவமனை ஒன்றில் ஏழு மாதம் வைத்தியம் பார்த்தார்கள். தென்னந்தோப்பில் ஒன்றேகால் ஏக்கர் அதற்குப் போனது. கடைசியில் ஒரு நாள், “இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்” என்று சொல்லிக் கோப்பைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அந்தக் கோப்பைத் தூக்கிப் பார்த்தேன், செங்கல் கனம். கடைசித் தாளில் வலிக்கென்று எழுதியிருந்தது காய்ச்சலுக்குப் போடும் பாரசிட்டமால். வைத்தியம் பலிக்காததை நான் குறை சொல்லமாட்டேன். வலியோடு வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்களே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

லண்டனிலிருந்து கிளம்பும்போது, வீட்டுக்குள் நுழைந்ததும் புண் வாடை முகத்தில் அறையும் என்று மனத்தைத் தயார் செய்துகொண்டுதான் வந்தேன். அப்படி எதுவும் இல்லை. ஜன்னலோரக் கட்டிலில், காற்றடைத்த மெத்தை மேல், பெரியப்பா சாய்ந்து உட்கார்ந்து வேலி ஓரத்தில் மேயும் ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் வெள்ளைத் துணிக் கட்டு. “பாலியேட்டிவ்காரர்கள் வந்த பிறகு தூங்குகிறார் கண்ணு” என்றாள் பெரியம்மா. நோய் தீராது என்றான பிறகும் வலியையும் வேதனையையும் தணிக்க வீடு தேடி வருகிறவர்கள் அவர்கள்.

மறுநாள் காலை ஜீப் வந்தது. நர்ஸ், டிரைவர், கூடவே தமிழ்ப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். சிஸ்டர் கட்டைப் பிரித்து, உப்புத் தண்ணீரால் புண்ணைக் கழுவி, காகிதப் பொட்டலத்திலிருந்து மஞ்சள் கலந்த வெள்ளைப் பொடி ஒன்றைத் தூவினார். மெட்ரோனிடசோல் மாத்திரையை அம்மியில் பொடித்தது. பேதிக்குச் சாப்பிடும் அதே மாத்திரைதான். புண்ணில் வாடையைக் கிளப்பும் கிருமிகளை அது அடக்குகிறது. மனிதனை மனிதன் பக்கத்தில் உட்கார வைக்க இத்தனை மலிவான பொருள் போதும் என்பதை அந்தச் செங்கல் கோப்பில் யாரும் எழுதவில்லை.

வலிக்கு மார்ஃபின். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, இராத்திரி பத்து மணிக்கு இரண்டு பங்கு. நடுவில் தூக்கத்தைக் கலைக்க வேண்டியதில்லை. மலச்சிக்கல் வராமலிருக்கக் கூடவே ஒரு மாத்திரை. பெரியம்மாவுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது, எழுத்தும் தெரியாது. சிஸ்டர் காலண்டர் தாளின் பின்புறம் சூரியனையும் நிலாவையும் வரைந்து கொடுத்திருந்தார். பெரியம்மா அதைச் சட்டை செய்யவில்லை, தனக்கென்று ஒரு கணக்கு வைத்திருந்தாள்: காலைப் பால் வண்டி ஆறு மணி, சித்தூர் பஸ் பத்து, பள்ளிக்கூடத்துப் பகல் மணி இரண்டு, சாயங்காலப் பால் வண்டி ஆறு, பக்கத்து வீட்டு சீரியல் முடிந்தால் பத்து. நான் கைப்பேசியில் அலாரம் வைத்துத் தரட்டுமா என்று கேட்டேன். “பால் வண்டி என்றைக்கும் நிற்காது. உன் போன் சார்ஜ் தீர்ந்துவிடும்” என்றாள்.

மார்ஃபின் எடுக்கும் அபின் இந்தியாவில் விளைகிறது. ஆனால் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிக்குப் பயந்து மருந்துக்கடையும் மருத்துவமனையும் மார்ஃபினைத் தொடாமலே இருந்துவிட்டன. அந்தச் சட்டம் 2014-இல்தான் திருத்தப்பட்டது. கேரளம் அதற்கு முன்பே வேறு பாதையில் போயிருந்தது. 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மயக்க மருந்து நிபுணர் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்களோடு சேர்ந்து ஒரு வலி நிவாரணச் சங்கத்தைத் தொடங்கினார்கள். படுக்கையில் கிடப்பவர் எப்படி ஆஸ்பத்திரிக்கு வருவார்? நாம்தான் போக வேண்டும் என்று கிளம்பி, மலப்புறம் பக்கத்து ஊர்களில் கடைக்காரர், ஆசிரியர், மாணவர் என்று அக்கம்பக்கத்தவரையே பழக்கினார்கள். கடைகளில் உண்டியல் வைத்துக் காசு சேர்த்தார்கள். 2008-இல் மாநில அரசு இதற்கென்று தனிக் கொள்கை அறிவித்த பிறகு பஞ்சாயத்துகளும் நர்ஸ், வண்டி, மருந்து என்று பொறுப்பை ஏற்றன.

இரண்டு நாள் நானும் ஜீப்பில் ஏறிக்கொண்டேன். ஒரு காலனியில், ஒற்றை அறை வீட்டில், கள் இறக்கத் தென்னை ஏறி விழுந்து இடுப்புக்குக் கீழ் உணர்வில்லாமல் கிடப்பவர் ஒருவர் இருந்தார். சிறுநீர்க் குழாயை மாற்றிவிட்டு, சிஸ்டர் அவரைப் புரட்டி முதுகைத் தடவிப் பார்த்தார். படுக்கைப் புண் ஆறியிருந்தது. அவர் மனைவிதான் இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் போடுகிறாள். சொல்லிக் கொடுத்தது இவர்கள். மனிதர் கட்டிலில் படுத்தபடியே குடை தைக்கிறார்; துணியும் கம்பியும் இவர்களுடைய சங்கம் கொடுத்தது. எனக்கு ஒரு குடை விற்றார். விலையைக் குறைத்துக் கேட்க எனக்கு நா எழவில்லை. ஆனால் வாத்தியார், “இருநூற்று ஐம்பதா? போன மாதம் எனக்கு இருநூறுக்குத்தானே கொடுத்தாய்” என்று பிடித்துக்கொண்டார். இருவரும் பத்து நிமிடம் பேரம் பேசினார்கள். அந்தப் பத்து நிமிடமும் அவர் நோயாளியாக இல்லை.

சங்கத்துக் கொட்டகையைக் காட்டினார்கள். மூலையில் பதினொரு சக்கர நாற்காலிகள் மடித்தபடி கிடந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் இன்னார் நினைவாக, இன்ன நாட்டிலிருந்து என்று பித்தளைத் தகடு. இந்த ஊர் வாசற்படிகளுக்கும் செம்மண் தடங்களுக்கும் அவை ஒத்துவருவதில்லை. நான் பையில் ஒரு காசோலையோடு வந்திருந்தேன். மனத்துக்குள் தகட்டின் வாசகம்கூடத் தயாராக இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொண்டு விடுகிறேன். வாத்தியார் காசோலையை வாங்கிக்கொண்டார். “டீசலுக்கு ஆகும்” என்றார். பிறகு, “வாரத்தில் இரண்டு மணி நேரம் தரக்கூடிய ஆள் உங்கள் சொந்தத்தில் யாராவது இருந்தால் சொல்லுங்கள்” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் வீட்டு இளவட்டம் முழுக்க கோவையிலும் துபாயிலும் இருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. நோயாளியின் குறிப்பேடு முழுக்க மலையாளத்தில். மருந்துச் சீட்டு, எச்சரிக்கை, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது, எல்லாமே. நான் போன வீடுகளில் பாதிக்கு மேல் தமிழ் மட்டும் படிப்பவர்கள். மொழிச் சிறுபான்மையினருக்கான உரிமை காகிதத்தில் இருக்கிறது, காகிதம்தான் மலையாளத்தில் இருக்கிறது. சிஸ்டருக்குத் தமிழ் நன்றாகப் பேச வரும், எழுத வராது. ஒரு சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து நானும் வாத்தியாரும் நான்கு பக்கத்தைத் தமிழாக்கினோம். அதில் ஒரே ஒரு வரிக்கு அரை மணி நேரம் ஆனது. நோயாளி கேட்காமலே வலி மருந்தை நேரத்துக்குக் கொடு என்பதை எப்படி எழுதினால் பெரியம்மா மாதிரி ஒருத்திக்குக் காதில் ஏறும்? “வலி வந்த பிறகு கொடுக்காதே, வருவதற்கு முன்னே கொடு” என்று எழுதி முடித்தோம்.

அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் வீடு தேடி வரும் வலி நிவாரணம் உண்டு. ஆனால் ரேஷன் அட்டை எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து வண்டிதான் வரும். ஒரே ஊரின் இரண்டு தெருக்களுக்கு இரண்டு ஜீப்.

நான் குடியிருக்கும் நாட்டில், சிசிலி சாண்டர்ஸ் என்ற மருத்துவர் 1967-இல் லண்டனில் ஹாஸ்பிஸ் ஒன்றைத் திறந்தார்; சாகும் தறுவாயில் இருப்பவர்களைப் பராமரிக்கும் இல்லம் அது. இன்றும் அங்கே இந்த இல்லங்கள் பெரும்பாலும் நன்கொடையில்தான் ஓடுகின்றன. அவற்றுக்கான பழைய சாமான் கடையில் நான் கோட்டு வாங்கியிருக்கிறேன், உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

மார்ச் மாதம் பெரியப்பா போய்விட்டார். தூக்கத்தில், சாயங்காலப் பால் வண்டி வருவதற்கு முன் என்று தம்பி போனில் சொன்னான். மூன்றாம் நாள் ஜீப் வந்ததாம். வாத்தியார் மெத்தையின் காற்றை இறக்கி, டெட்டால் போட்டுத் துடைத்து, மடித்து ஏற்றிக்கொண்டார். ஒழலப்பதியில் ஒருவர் அதற்காகக் காத்திருந்தார். பெரியம்மா மிச்ச மாத்திரைகளைச் சம்படத்திலிருந்து கொட்டி, சிஸ்டர் முன்னால் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தாள். பதினேழு. பதினேழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னாளாம், தமிழில்.