ஆஸ்பத்திரி குப்பை: எரிக்கிறதா, ஆவியில வேக வைக்கிறதா?

குப்பைய எரிக்கிற மெஷின் இன்சினரேட்டர்னா சும்மா பெரிய அடுப்புன்னு நெனைக்காதீங்க, உள்ள ரெண்டு அறை இருக்கு. மொத அறையில 800 டிகிரிக்கு மேல குப்பை எரியும், அதுல வர்ற புகை ரெண்டாவது அறைக்குப் போய் 1050 டிகிரி சூட்டுல குறைஞ்சது 2 செகண்டாவது இருக்கணும், அப்பதான் பாதி எரிஞ்ச வாயுவெல்லாம் முழுசா எரியும், அப்புறம் அந்தப் புகைய கழுவி வடிகட்டி 30 மீட்டர் உயர சிம்னி வழியா விடணும்னு நம்ம நாட்டு 2016 மருத்துவக் கழிவு விதிகள் சொல்லுது.

ஆவியில வேக வைக்கிற மெஷின் ஆட்டோகிளேவ்ல நெருப்பே கெடையாது. பிரஷர் குக்கர் மாதிரிதான், 121 டிகிரி நீராவி, 15 பிஎஸ்ஐ அழுத்தம், ஒரு மணி நேரம். கிருமி செத்துரும், ஆனா ட்யூப் ட்யூபாவேதான் இருக்கும், அதனால ஷ்ரெட்டர்ல போட்டு துண்டு துண்டா ஆக்கி ரீசைக்கிளுக்கு அனுப்புவாங்க. புகையும் இல்ல, செலவும் கம்மி.

அப்போ எல்லாத்தையும் ஆவியிலயே போட்டுரலாமேன்னா முடியாதுங்க. அறுத்தெடுத்த உடல் பாகம், கேன்சர் மருந்து மிச்சம் இதெல்லாம் எரிச்சுதான் ஆகணும், அதுக்குத்தான் மஞ்சள் பை. ட்ரிப்ஸ் ட்யூப், கையுறை எல்லாம் சிவப்பு பை, ஆட்டோகிளேவுக்கு.

என்னைக் கேட்டா ஆவில முடியுறத எரிக்கவே கூடாது. பிவிசி ட்யூப் மஞ்சள் பைக்குள்ள போயிருச்சுன்னா அதுல இருக்குற குளோரினால எரியும்போது டையாக்ஸின்ங்கற கொடிய நச்சு உருவாகும், சூடு கொறைஞ்சா இன்னும் மோசம். எவ்வளவு காஸ்ட்லியான மெஷின் வாங்குனாலும் வார்டுல பை மாத்திப் போட்டா வேஸ்ட்டுதான் 🤷