கஞ்சா கம்மி அளவு மீறினால்: அவசரப் பிரிவா, கைவைத்தியமா, வீட்டில் காவலா?

கனடாவில் 2018 ஒக்ரோபர் 17ஆம் திகதி கஞ்சா சட்டபூர்வமாயிற்று. உண்ணும் வடிவங்கள் சரியாக ஓராண்டின் பின் சட்டத்துக்குள் வந்தன. அன்றுமுதல் ரொறன்ரோ பெரும்பாகத்தின் தமிழ் வீடுகளிலும் ஒரு புதிய இக்கட்டு தலைகாட்டத் தொடங்கியது. பிறந்தநாளோ திருமண வரவேற்போ முடிந்து பெரியவர்கள் படுக்கப் போன பிறகு, இளையவர்களில் ஒருவர் ‘கம்மி’ (gummy) எனப்படும் கஞ்சா கலந்த மிட்டாயை அளவுக்கு மிஞ்சித் தின்றுவிட்டு, நெஞ்சு படபடக்க, வாய் வறள, தான் சாகப்போவதாக நடுங்கத் தொடங்குவார். சுற்றி நிற்பவர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பார் ஒருவர். தேசிக்காய் பிழிந்து கொடுத்துத் தலைக்கு வார்த்தால் இறங்கிவிடும் என்பார் இன்னொருவர். படுக்கவிடுங்கள், தானாகத் தெளியும் என்பார் மற்றொருவர். ஊரிலிருந்து வந்திருந்த என் மனைவியின் தம்பிக்கு எங்கள் வீட்டில் இந்த நிலை வந்தபோது நான் வேறொரு வழியை எடுத்தேன்: நஞ்சுக் கட்டுப்பாட்டு நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்து ஆலோசனை கேட்டுக்கொண்டு, போதையில்லாத ஒருவர் விடியும்வரை அருகிலிருந்து பார்ப்பது. உடல்நலமுள்ள வளர்ந்த ஒருவருக்கு இதுவே சிறந்தது என்பது என் உறுதியான எண்ணம். எந்த இடத்தில் அது போதாது என்பதையும் சொல்லவேண்டும்.

தனியே படுக்கவிடுவதைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. நித்திரை நல்லதுதான், ஆனால் மல்லாந்து படுத்தபடி வாந்தியெடுத்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போகலாம், நிதானமில்லாமல் எழுந்து நடந்தால் மாடிப்படியில் விழலாம். மதுவும் சேர்ந்திருந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

கைவைத்தியத்தில் மூன்றை நம்மவர்கள் அதிகம் நம்புகிறார்கள்: மிளகு, தேசிக்காய், குளியல். மிளகை மெல்லும் வழக்கத்துக்குக் கனடியப் பாடகர் நீல் யங் 2014இல் ஒரு வானொலி நேர்காணலில் சொன்னது பெரிய விளம்பரமாக அமைந்தது. மிளகிலுள்ள காரியோஃபிலின் என்ற மணப்பொருள், கஞ்சா ஒட்டிச் செயற்படும் உடலின் ஏற்பிகளின் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்றுடன் ஒட்டுவது உண்மை. ஆனால் போதைக்குக் காரணமான ஏற்பி அதுவல்ல. தேசிக்காய்த் தோலில் உள்ள லிமோனீன் பற்றி அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வில், அதைக் கஞ்சாவில் போதை தரும் வேதிப்பொருளான டிஎச்சியுடன் சேர்த்து ஆவியாக உள்ளிழுத்தவர்களுக்குப் பதற்றம் குறைந்தது. ஆனால் அது தூய லிமோனீன். ஒரு குவளை தேசிக்காய்த் தண்ணீருக்கு அதே பலனை எதிர்பார்ப்பது நியாயமாகாது. வாய் வறண்டவருக்கு அந்தத் தண்ணீர் இதமாக இருக்கும், கையில் ஒரு வேலை இருப்பது பதற்றக்காரரின் மனதையும் சற்றுத் திருப்பும். எனவே கேட்டால் கொடுக்கலாம். குளியலை மட்டும் நான் மறுப்பேன். கஞ்சாப் போதையில் எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலை சுற்றும், அதிலும் வெந்நீர் இரத்தக் குழாய்களை விரிக்கும். வழுக்கும் குளியல் தொட்டிக்குள் நிற்கவைப்பதைவிட ஈரத் துவாயால் முகம், கழுத்து துடைத்துவிடுவது பாதுகாப்பானது. கோப்பி கொடுத்துத் தெளியவைக்கும் யோசனையும் அப்படித்தான். ஏற்கெனவே அதிகமாகத் துடிக்கும் இதயத்தை அது இன்னும் துரத்தும்.

கைவைத்தியத்தின் புதிய வடிவம் ஒன்றும் உண்டு: கஞ்சாவின் மற்றொரு வேதிப்பொருளான, போதை தராத சிபிடியின் எண்ணெய் டிஎச்சியை முறிக்கும் என்று கடைப்பேச்சில் கேட்டு, ஒன்றின் மேல் மற்றொன்றைக் கொடுப்பது. 2023இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆய்வாளர்களே, அதிக அளவு சிபிடியை டிஎச்சியுடன் சேர்த்து உண்ணக்கொடுத்தபோது டிஎச்சியின் தாக்கம் கூடியதைக் கண்டார்கள்; ஈரல் டிஎச்சியைச் சிதைப்பதை அது தாமதப்படுத்துகிறது. ஆகவே கம்மி தின்று தவிப்பவருக்கு அந்த எண்ணெயைக் கொடுக்கவே கூடாது.

அவசரப் பிரிவு மதிப்புள்ளதுதான், ஆனால் அது எதைக் கொடுக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு போகவேண்டும். கஞ்சாவுக்கு முறிமருந்து கிடையாது. அங்கே நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் பார்ப்பார்கள், இதயத் துடிப்பை வரைவார்கள், வாந்தி நிற்காவிட்டால் நாளம் வழியாக நீர் ஏற்றுவார்கள், பீதி கட்டுக்கடங்காவிட்டால் தணிக்கும் மருந்து கொடுப்பார்கள், மீதிக்கு நேரம் கரையும்வரை பார்த்துக்கொண்டிருப்பார்கள். உயிராபத்து இல்லாதவர் வரிசையில் பின்னுக்குத் தள்ளப்படுவது முறையானதே. அதனால் வெள்ளிக்கிழமை இரவொன்றில் அவர் மணிக்கணக்காக உட்காரப்போவது, கண்ணைக் கூசவைக்கும் விளக்குகளின் கீழே, யாரோ அழுதுகொண்டும் யாரோ சண்டைபிடித்துக்கொண்டும் இருக்கும் ஒரு மண்டபத்தில். பீதியில் இருப்பவருக்கு அதைவிட மோசமான இடம் குறைவு. விருந்தினராக வந்தவர்களுக்கு வேறொரு சிக்கலும் உண்டு: ஒன்ராறியோவின் மருத்துவக் காப்புறுதி அவர்களுக்கு இல்லை, தனியார் பயணக் காப்புறுதிகள் பலவற்றில் போதைப்பொருளால் வந்த நோய்க்கு விலக்கு எழுதப்பட்டிருக்கும். ஆயினும் கீழே நான் சொல்லப்போகும் ஆபத்துக் குறிகளில் ஒன்றைக் கண்டால் கணக்குப் பார்க்காமல் 911ஐ அழையுங்கள்; கட்டணச் சீட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இனி வீட்டுக் காவல். இந்த ஒப்பீட்டை எனக்குத் தீர்த்துவைத்தது ஒரேயொரு விடயம்: நேரம். புகைத்த கஞ்சா சில நிமிடங்களில் ஏறி, அரை மணிக்குள் உச்சந்தொட்டு, இறங்கத் தொடங்கிவிடும். உண்ட கஞ்சாவின் வழி வேறு. அது குடலிலிருந்து ஈரலுக்குப் போய், அங்கே மூளைக்குள் இன்னும் எளிதாக நுழையும் வேறொரு சேர்மமாக மாறி, அதன் பிறகே தலைக்கேறுகிறது. கனடாவின் சுகாதாரத் திணைக்களம் சொல்லும் கணக்குப்படி, தாக்கம் தொடங்க 30 நிமிடம் முதல் 2 மணிநேரம் ஆகலாம், முழு வீச்சை அடைய 4 மணிநேரம் வரை ஆகலாம், 12 மணிநேரம் வரை நீடிக்கலாம், மிச்சசொச்சம் 24 மணிநேரம் வரை இருக்கலாம். அளவு மீறுவதே பெரும்பாலும் இந்தத் தாமதத்தால்தான்: ஒன்று தின்றும் ஒன்றும் தெரியவில்லையே என்று இரண்டாவதைத் தின்பார்கள், இரண்டும் சேர்ந்து பிறகு அடிக்கும். நியூயோர்க் ரைம்ஸ் பத்தியாளர் மோரீன் டவுட் 2014இல் டென்வர் விடுதியறையில் கஞ்சா சொக்கிலேற்றைத் தின்று, முதலில் ஒன்றும் ஆகாததால் மேலும் கொறித்து, பின் எட்டு மணிநேரம் சுருண்டு கிடந்ததைத் தானே எழுதியிருக்கிறார். செத்துவிட்டதாகவே ஒரு கட்டத்தில் நம்பினாராம். சட்டபூர்வமான கனடியப் பொதி ஒன்றில் மொத்தமே 10 மில்லிகிராம் டிஎச்சிதான் இருக்கலாம், புதியவர்களுக்குச் சொல்லப்படும் தொடக்க அளவு 2.5 மில்லிகிராம் அல்லது அதற்கும் குறைவு. ஆனால் கள்ளச் சந்தையில், பெயர்பெற்ற மிட்டாய்களைப் போலவே வடிவமைத்த பைகளில், 500, 600 என்று அச்சிட்டு விற்கிறார்கள்.

ஆகவே காவலிருப்பவரின் முதல் வேலை மருந்து தேடுவதல்ல, நேரத்தைக் குறித்துக்கொள்வது. மின்கட்டணம் வந்த கடித உறையொன்றின் பின்பக்கத்தில் நான் எழுதினேன்: எத்தனை மணிக்கு முதலாவது, எத்தனை மணிக்கு இரண்டாவது, பொதியில் எத்தனை மில்லிகிராம், மது குடித்தாரா, வேறு மருந்து எடுத்தாரா. நஞ்சுக் கட்டுப்பாட்டு நிலையத்தில் தொலைபேசியை எடுத்த தாதி கேட்டதும் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான். அந்த எண் 1-844-764-7669. இலவசம், இரவுபகல் இயங்கும். கியூபெக்கில் இருப்பவர்களுக்கு 1-800-463-5060. அந்த உறை வேறொரு விதத்திலும் உதவியது. அளவு மீறிய போதையில் நேரம் நகர்வதே தெரியாது, பத்து நிமிடம் ஒரு யுகமாகிவிடும். இது இனி இறங்கவே இறங்காது என்ற பயம் அங்கிருந்துதான் பிறக்கிறது. “அத்தான், எனக்கு இது நிக்காது போல கிடக்கு, மணி எத்தினை?” என்று மைத்துனன் திரும்பத் திரும்பக் கேட்டான். ஒவ்வொரு தடவையும் உறையைக் காட்டி, “தம்பி, நீ ரெண்டாவதைத் திண்டது ஒன்பதே காலுக்கு. இப்ப பதினொண்டு இருபது. இன்னும் கொஞ்சம் ஏறும், ஒரு மணி தாண்ட இறங்கத் தொடங்கும், நான் இஞ்சதான் இருக்கிறன்” என்று ஒரே குரலில் சொன்னேன். இன்னும் ஏறும் என்பதை மறைக்காமல் சொன்னது முக்கியம் என்று நினைக்கிறேன். சொன்னபடி ஏறியபோது, அது அவனுக்குப் புதிய அதிர்ச்சியாக இருக்கவில்லை. நள்ளிரவுக்குப் பிறகு அவனே கண்ணாடியைப் போட்டு உறையைப் பார்க்கத் தொடங்கினான்.

மற்றவை எளியவை. ஒரு சிறு விளக்கு, அணைத்த தொலைக்காட்சி, மடக்கு மடக்காகத் தண்ணீர், பசித்தால் ஒரு துண்டுப் பாண், நித்திரை வந்தால் இடது பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்துப் பின்னால் தலையணை முட்டுக்கொடுத்தல். கூட்டம் வேண்டாம், கைத்தொலைபேசியில் படம் எடுப்பவர் நிச்சயமாக வேண்டாம், “ஏனடா திண்டனி” என்ற விசாரணை மறுநாளைக்கு. அரை மணிக்கொரு தடவை மூச்சையும் நாடியையும் பார்த்து, தோளைத் தட்டி மறுமொழி வருகிறதா என்று கவனிக்கவேண்டும்.

தட்டியும் எழும்பாவிட்டால், மூச்சு மெதுவாகவோ ஒழுங்கற்றோ போனால், நெஞ்சு வலித்தால், மயங்கி விழுந்தால், வலிப்பு வந்தால், இல்லாததைக் கண்டு தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யத் துணிந்தால், வாந்தி நிற்காமல் தண்ணீர்கூடத் தங்காவிட்டால், வீட்டுக் காவல் அத்துடன் முடிந்தது. போகும்போது பொதியையும் நேரம் எழுதிய தாளையும் கொண்டுபோங்கள். சிறுபிள்ளைகள் விடயத்தில் ஒப்பீட்டுக்கே இடமில்லை: ஒரு கம்மி ஒரு மழலையை ஆழ்ந்த மயக்கத்துக்கும் மூச்சுத் தளர்வுக்கும் கொண்டுபோகக்கூடும், ஆகவே அறிகுறிக்குக் காத்திராமல் உடனே உதவி கேட்கவேண்டும். இருதய நோயுள்ளவர்கள், கர்ப்பிணிகள், முதியவர்கள், மனநோய் வரலாறு உள்ளவர்கள் ஆகியோரையும் நான் வீட்டில் வைத்துப் பார்க்கத் துணியமாட்டேன். கள்ளச் சந்தைப் பொதியென்றால் உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கே உத்தரவாதமில்லை என்பதால் அங்கும் என் சாய்வு வைத்தியசாலைப் பக்கமே.

என் அனுபவம் இளவயது ஆரோக்கியசாலி ஒருவர் உண்டதைப் பற்றியது மட்டுமே. செறிவூட்டிய எண்ணெயை ஆவியாக்கி இழுப்பவர்களை நான் அருகிலிருந்து பார்த்ததில்லை. அங்கே ஏற்றம் வேகமானது என்பதால் நான் மேலே சொன்ன நேரக்கணக்கு பொருந்தாது. நீண்டகாலம் நாள்தோறும் பாவிப்பவர் அடிக்கடி கடும் வாந்தியில் விழுந்து, வெந்நீரில் நின்றால் மட்டும் சுகம் காண்கிறார் என்றால், அது ஓரிரவு அளவுமீறல் அல்ல. 2004இல் அவுஸ்திரேலிய மருத்துவர்கள் விவரித்த கஞ்சா வாந்தி நோயாக இருக்கலாம், அதற்கு வைத்தியரையே பார்க்கவேண்டும்.

மறுநாளைக்கும் காவல் கொஞ்சம் நீள்கிறது. விடிந்து முகம் தெளிந்துவிட்டாலும் கவனமும் எதிர்வினையும் உடனே சீராவதில்லை. அன்று முழுவதும் கார்த் திறப்பு அவனிடம் போகாதபடி பார்த்துக்கொண்டோம். மிஞ்சிய பொதியை, பிள்ளைகள் எட்டாத உயரத்தில், பூட்டுள்ள பெட்டியில் வைத்தோம். குளிர்சாதனப் பெட்டியில் மற்ற இனிப்புகளுடன் அதை வைக்கும் வீடுகள் உண்டு, அந்தப் பழக்கத்தை இன்றே விடவேண்டும்.