பட்டறைக்கல்: தண்டவாளத் துண்டா, கொம்பு வைத்த கல்லா, ஷாஃப்ட் கட்டையா?

சுத்தியல், குறடு, உளி, பஞ்ச் எல்லாவற்றையும் நாமே அடித்துக்கொள்ளலாம். இரும்பை மேலே வைத்து அடிக்கிற பட்டறைக்கல்லை மட்டும் அப்படிச் செய்ய முடியாது, எங்கிருந்தாவது கொண்டுவந்துதான் ஆக வேண்டும். வீட்டுக்குப் பின்னால் சின்ன உலை வைத்து ஞாயிற்றுக்கிழமைகளில் இரும்பு அடிக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் முட்டி நிற்கும் இடம் இதுதான். கோவையில் நானும் நின்றேன். இந்த மூன்று வருடத்தில் தண்டவாளத் துண்டு, வார்ப்பிரும்புக் கல், ஷாஃப்ட் கட்டை (இயந்திரத்தின் சுழல்தண்டிலிருந்து அறுத்த உருளைத் துண்டு) என மூன்றிலும் அடித்துப் பார்த்துவிட்டேன். இப்போது என்னிடம் இருப்பது ஷாஃப்ட் கட்டை. பார்க்கக் கல் மாதிரியே இருக்காது. ஆனாலும் நான் அதன் கட்சி. அதைத் தெரிந்துகொண்டே மேலே படியுங்கள்.

முதலில் கொம்பு வைத்த கல், அதாவது ஒரு முனை கூம்பாக நீண்டிருப்பது. படங்களில் பார்க்கிற வடிவம் அது என்பதால் எல்லோருக்கும் ஆசை அதன் மேல்தான். இதில் வார்ப்பிரும்பு, எஃகு என்று இரண்டு உண்டு. பெயின்ட் அடித்து வைத்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். விலை குறைவாக இருந்தால் அது வார்ப்பிரும்பு என்றே எடுத்துக்கொள்ளலாம். லேத் படுகையை வார்ப்பிரும்பில் செய்வதற்கு ஒரு காரணம், அது அதிர்வை விழுங்கிக்கொள்ளும் என்பது. அதே குணம் பட்டறைக்கல்லுக்குக் கேடு. நாம் கொடுக்கிற அடியை அது விழுங்கிவிடும். முகம், அதாவது அடிபடுகிற மேல்பரப்பு, சீக்கிரம் குழியும், ஓரம் பொரிந்து விழும். நண்பர் ஒருவர் வாங்கிய கல்லில் நான் இரண்டு மாதம் அடித்தேன். அதற்குள்ளேயே வலது ஓரத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சில்லு பறந்துவிட்டது. கண்ணாடி போட்டிருந்ததால் பிழைத்தோம். வாங்கும் முன் பேரிங் குண்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய், ஒரு சாண் உயரத்திலிருந்து கல்லின் முகத்தில் போட்டுப் பாருங்கள். நல்ல எஃகாக இருந்தால் குண்டு கிட்டத்தட்ட கைக்கே திரும்பி வரும். அந்த வார்ப்பிரும்புக் கல்லில் பாதி உயரம்கூட வரவில்லை.

எஃகில் வார்த்த அல்லது அடித்துச் செய்த கொம்புக் கல் வேறு விஷயம். அதில் நான் ஒரே ஒரு மதியம்தான் வேலை செய்திருக்கிறேன். அருமையாக இருந்தது. விலை கட்டுப்படியாகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். ஒரு மதிய அனுபவத்தை வைத்து இதற்கு மேல் பேசுவது சரியில்லை.

அடுத்தது தண்டவாளத் துண்டு. பெரும்பாலானவர்கள் தொடங்குவது இதில்தான், நானும் அப்படியே. ஆனால் எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் வாங்காதீர்கள். ரயில்வே சொத்தைக் கணக்கில்லாமல் வைத்திருப்பதே குற்றம். அதற்கென்றே 1966-லிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. ரயில்வே ஏலத்தில் எடுத்த வியாபாரியிடம் பில்லோடு வாங்குங்கள். பில் இல்லை என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

தண்டவாளத்தில் இருக்கும் எஃகு உண்மையிலேயே நல்ல எஃகு. வழக்கமான 880 ரகத்தில் கரி (கார்பன்) 0.6 முதல் 0.8 சதவீதம் வரை இருக்கும், மாங்கனீசும் உண்டு. ஆண்டுக்கணக்கில் சக்கரம் ஓடினாலும் தேயாமல் நிற்கச் செய்தது. எடை கணக்கிடுவதும் சுலபம். 60 கிலோ ரயில் (தண்டவாளம்) என்றால் மீட்டருக்கு 60 கிலோ, ஆக ஓர் அடித் துண்டு சுமார் 18 கிலோ. 52 கிலோ ரயில் என்றால் 16 கிலோ.

என் துண்டு இரண்டடி, 60 கிலோ ரயில், ஆக 36 கிலோ. ஒரு தொடக்கக்காரருக்கு அது போதுமான எடைதான். அதைப் படுக்கப் போட்டு, நான்கு ஆணியால் மரக்கட்டையில் இறுக்கி, ஏழெட்டு மாதம் அடித்தேன். ஒவ்வொரு அடிக்கும் கோயில் மணி மாதிரி ஒலிக்கும். தெருக்கோடி வரை கேட்கிறது என்று பக்கத்து வீட்டு அக்கா இரண்டு முறை வந்து சொன்னார். சத்தத்தைவிட என்னைப் படுத்தியது தோள்வலி. 12 மி.மீ. சதுரக் கம்பியை ஒரு சாண் நீளத்துக்குக் கூராக நீட்ட ஆறு சூடு ஆகிவிடும், அதாவது ஆறு முறை உலையில் பழுக்க வைக்க வேண்டும். கம்பி நீளுவதற்கு முன் கை சோர்ந்துவிடும்.

ஏன் என்று எனக்கு நெடுநாள் புரியவில்லை. அன்னூர் பக்கம் ஒரு கிராமத்தில், இன்னும் மண்வெட்டியும் கருக்கரிவாளும் அடித்துக்கொண்டிருக்கிற வயதான ஆசாரி ஒருவரைப் பார்க்கப் போனபோதுதான் தெளிந்தது. அவருடைய கல்லுக்குக் கொம்பே கிடையாது. ஒரு கையகல முகம் உள்ள சதுர இரும்பு. தரையில் பாதிக்கு மேல் புதைத்த மரக்கட்டைக்குள் இறக்கியிருந்தார். அவர் உட்கார்ந்து குறட்டைப் பிடிக்க, மகன் நின்றபடி சம்மட்டி போட்டார். நான் என் தண்டவாளக் கதையைச் சொன்னேன்.

“தம்பி, கல்லு பெருசா சின்னதாங்கறதை அப்புறம் பாருங்க. அடிக்கிற எடத்துக்கு நேர் கீழ என்ன இருக்குதுன்னு பாருங்க. கல்லு நடுங்குச்சுன்னா அடி இரும்புக்குள்ள போகாதுங்க, உங்க தோளுக்குத்தான் வரும்” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் துண்டின் குறுக்குவெட்டைக் குனிந்து பார்த்தேன். 60 கிலோ ரயிலின் மொத்த உயரம் 172 மி.மீ. மேலே தலை 72 மி.மீ. அகலம், கீழே பாதம் 150 மி.மீ. அகலம். இரண்டையும் சேர்க்கிற நடுத்தகடு வெறும் 16.5 மி.மீ. அதாவது நான் அடித்த அடியைத் தாங்கியது ஒரு விரல் பருமனுள்ள தகடு. மீதி எஃகெல்லாம் பக்கவாட்டில் இரண்டடி நீளத்துக்குப் பரவிக் கிடந்தது. சுத்தியல் கம்பியைத் தொட்டு விலகுகிற நேரம் மிகக் குறைவு. அந்த நேரத்துக்குள் எதிர்த்து நிற்கக்கூடியது அடிக்கு நேர் கீழே இருக்கிற எஃகு மட்டும்தான். தள்ளி இருக்கிற எஃகு எடை மெஷினில் கணக்காகும், அடிக்கு உதவாது. நடுத்தகடு வில் மாதிரி வளைந்து நிமிர்கிறது. அந்த நடுக்கம்தான் மணியோசையாக வெளியே வந்தது. கம்பிக்குள் போக வேண்டிய உழைப்பு அப்படிக் காற்றில் போய்க்கொண்டிருந்தது.

அன்றைக்கே ஆணியைக் கழற்றித் துண்டை நிமிர்த்தி நட்டேன். பாதி நீளம் கட்டைக்குள், பாதி வெளியே. அடிக்கிற இடம் ரயில் தலையின் வெட்டுமுகம் மட்டும், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. ஆனால் அதற்கு நேர் கீழே இரண்டடிக்கு எஃகு. ஓசை ‘டிங்’ என்பதிலிருந்து ‘டொக்’ என்று மாறியது. அதே 12 மி.மீ. கம்பி, அதே கூர், நான்கு சூட்டில் முடிந்தது. கையில் காசில்லை, தண்டவாளத் துண்டு ஏற்கெனவே இருக்கிறது என்பவர்கள் இன்றைக்கே இதைச் செய்யுங்கள். நடுத்தகட்டின் முனையைக் கிரைண்டரில் கூராக்கினால் சூட்டில் கம்பி வெட்டலாம், பாதத்தின் ஓரத்தை உருட்டினால் இரும்பைப் பள்ளமாக்கி நீட்டலாம். ஒன்று மட்டும் கவனியுங்கள். கேஸ் கட்டரில் அறுத்த முனையாக இருந்தால் வெந்த பகுதி முழுவதையும் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் அதன்மேல் அடிக்க வேண்டும். அந்தத் தோல் மொரமொரப்பாக இருக்கும், சில்லாகப் பறக்கும். முடிந்தால் பேண்ட்சாவில் (பட்டை ரம்பத்தில்) அறுத்த துண்டாகப் பார்த்து வாங்குங்கள்.

நிமிர்த்திய தண்டவாளத்தில் ஒரு வருடம் சந்தோஷமாக ஓடியது. சுத்தியல் தலை ஒன்று செய்ய ஆரம்பித்தபோது முகம் போதவில்லை. 40 மி.மீ. கனமுள்ள இரும்பைத் திருப்பித் திருப்பி அடிக்கும்போது அது ஓரத்தில் நழுவிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் ஷாஃப்ட் கட்டைக்குப் போனேன்.

கோவைக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி. பம்பும் மோட்டாரும் லேத் பட்டறையும் நிறைந்த ஊரில் கனமான ஷாஃப்ட்டின் அறுத்துப்போட்ட முனைகள் எங்காவது கிடந்துகொண்டேதான் இருக்கும். கிலோ கணக்கில் பழைய இரும்பு விலைக்குக் கொடுப்பார்கள். நான் எடுத்தது ஈ.என். 8 என்ற ரக எஃகு உருளை, 150 மி.மீ. விட்டம், 300 மி.மீ. உயரம். உருளைக்கு எடை போடும் சூத்திரம் எந்தப் பட்டறையிலும் சொல்வார்கள்: விட்டத்தை மி.மீ.-ல் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு இத்தனை கிலோ. 150-ஐ 150-ஆல் பெருக்கி 162-ஆல் வகுத்தால் 139. அதில் 300 மி.மீ. என்றால் ஏறக்குறைய 42 கிலோ. இந்த 42 கிலோவும் அடிக்கு நேர் கீழே நிற்கிறது. என் இரண்டடித் தண்டவாளத்தைவிட 6 கிலோதான் அதிகம். ஆனால் ஒரு கிலோ சுத்தியலால் அடிக்கும்போது படுத்த தண்டவாளத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. அந்தக் கூர் இப்போது மூன்று சூட்டில் முடிகிறது. இடைப்பட்ட காலத்தில் என் கையும் கொஞ்சம் பழகியிருக்கும், அதையும் கழித்துக்கொள்ள வேண்டும்.

லேத்தில் முகத்தைச் சமமாக்கி வாங்கினேன். வட்டமான கல்லில் நேரான ஓரம் இருக்காது. குறட்டின் வாய்க்குத் தோள் இறக்க (படி மாதிரி கனத்தைக் குறைக்க), உளிக்கு மட்டமாகப் பக்கம் தட்ட, நேர் ஓரம் கட்டாயம் வேண்டும். அதனால் மேல்பகுதியில் 75 மி.மீ. ஆழத்துக்கு மட்டும் ஒரு பக்கத்தை மில்லிங் மெஷினில் 19 மி.மீ. சீவச் சொன்னேன். 100 மி.மீ. நீளத்துக்கு நேர் ஓரம் கிடைத்தது, இழந்த எடை முக்கால் கிலோதான். மீதி வட்ட ஓரத்தைக் கிரைண்டரில் நானே உருட்டினேன். ஒரு பக்கம் 3 மி.மீ., எதிர்ப்பக்கம் 10 மி.மீ., நடுவில் மெல்ல மெல்ல மாறிக்கொண்டே போகும். எந்த வேலைக்கு எந்த வளைவு வேண்டுமோ அந்தப் பக்கமாக நான் நகர்ந்து நின்றுகொள்கிறேன். சதுரக் கல்லில் இந்தச் சுகம் இல்லை.

இதன் குறைகளையும் சொல்ல வேண்டும். கொம்பு இல்லை. கொக்கி, வளையம் வளைக்க லெக் வைஸில் (காலுள்ள இடுக்கியில்) ஒரு கனமான பைப் துண்டைப் பிடித்து, அதன்மேல் வைத்துத் தட்டுகிறேன். வேலை நடக்கிறது, ஆனால் பெரிய வளைவுகளுக்குக் கொம்பு மாதிரி வராது. கொம்புக் கல்லின் முகத்தில் இருக்கிற சதுரத் துளையும் இதில் இல்லை. பஞ்ச் போடும்போது இரும்புக்கு அடியில் ஒரு பெரிய நட்டை வைத்தால் வெட்டுத்துண்டு அதற்குள் விழுந்துவிடும். கதவுக் கிராதி, அலங்கார வளைவு வேலைதான் உங்கள் ஆசை என்றால் எஃகுக் கொம்புக் கல்லுக்குப் பணம் சேர்ப்பதே நல்லது. என்னைப்போல் உளி, பஞ்ச், குறடு, சின்னக் கத்தி, சுத்தியல் செய்கிறவர்களுக்குக் கொம்பு மாதத்தில் ஒருமுறை தேவைப்பட்டால் அதிகம்.

இன்னொரு குறை இதைவிடப் பெரிது. ஈ.என். 8-ல் கரி 0.4 சதவீத அளவில்தான் இருக்கும். கடினப்படுத்தாமல் வைத்தால் தண்டவாளத்தைவிட மென்மையானது. பழுத்த இரும்பு அதை ஒன்றும் செய்யாது. குறி தவறிச் சுத்தியலின் ஓரம் பட்டால் மட்டும் பிறை மாதிரி தழும்பு விழும். ஒன்றரை வருடத்தில் அப்படி ஏழெட்டுத் தழும்புகள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிரைண்டரில் ஃப்ளாப் டிஸ்க் (உப்புத்தாள் மடிப்புகள் உள்ள தட்டு) போட்டு அரை மணி நேரம் இழைத்தால் முகம் திரும்பிவிடுகிறது. பத்து வருடத்தில் எவ்வளவு தேயும் என்பதைப் பத்து வருடம் அடித்த பிறகுதான் சொல்ல முடியும். கிடைத்தால் ஈ.என். 24 அல்லது ஈ.என். 19, ஏற்கெனவே கடினப்படுத்தி வந்த துண்டாக எடுங்கள். அவற்றின் முகம் இன்னும் உறுதியாக நிற்கும். அரத்தால் ஓரத்தில் இழுத்துப் பாருங்கள். ஈ.என். 8-ல் அரம் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும், அவற்றில் இழுபடும்.

எந்தக் கல்லாக இருந்தாலும் அடியில் போடும் மரக்கட்டை முக்கியம். கறிக்கடையில் போட்டிருப்பார்களே, அந்தப் புளியங்கட்டைதான் எனக்குச் சரிப்பட்டது. நாரோட்டம் நிமிர்ந்து நிற்கும், லேசில் பிளக்காது. உளியால் இரண்டு அங்குல ஆழத்துக்கு வட்டக் குழி வெட்டி, அடியில் பரவலாக மணல் தூவி, ஷாஃப்ட் கட்டையை இறக்கினேன். குழியின் விளிம்பில் ஆப்பு இறுக்கிய பிறகு துளி ஆட்டம் இல்லை. மரக்கட்டையைச் சுற்றி இரண்டு இரும்புப் பட்டா. உயரம், நின்று கையைத் தொங்கவிட்டு முஷ்டி பிடித்தால் விரல்முட்டி கல்லின் முகத்தைத் தொடுகிற அளவு. முதல் தடவை நான் இரண்டு விரல்கடை உயரமாக வைத்துவிட்டேன். முதுகுக்கு இதமாக இருந்தது, ஆனால் அடி பாதியிலேயே நின்றது. மரக்கட்டையின் அடியை அறுத்துத் திரும்ப வைத்த பிறகுதான் சரியானது.

பக்கத்து வீட்டு அக்கா கடைசியாக வந்தது நான்கு மாதம் முன்பு, தேங்காய் துருவி ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்க. அதற்கான பல்லை இப்போது இந்தக் கல்லின் 3 மி.மீ. ஓரத்தில் வைத்து அடித்துக்கொண்டிருக்கிறேன்.