தொட்டியைத் தொட்டுப் பாருங்கள்: நிழல்வலையோடு ஐந்து கோடைகள்

தொட்டிச் செடிகளுக்கு மேல், வெயிலைக் குறைக்கும் நிழல்வலை கட்டி இது ஐந்தாவது கோடை. அதைப் பற்றிச் சொல்லுமுன் நான் கொன்ற செடிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

வலை வாங்குவதற்கு முந்தைய கோடையில் என்னிடம் இருந்த ஒரே மருந்து தண்ணீர்தான். மத்தியானம் இலை தொங்கினால் உடனே ஒரு குவளை. இரண்டு மிளகாய், ஒரு செம்பருத்தி போயின. தொட்டியைக் கவிழ்த்தால் மண் சொதசொதவென்று இருந்தது, வேர் பழுப்பாகி நாறியது. உச்சி வெயிலில் இலை இழக்கும் நீருக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாது. அதனால் மண் ஈரமாக இருந்தாலும் செடி வாடும், சாயங்காலம் தானே நிமிர்ந்துவிடும். இது அப்போது தெரியாது. இப்போது விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்த பிறகுதான் குவளையைத் தேடுகிறேன். விடிகாலையிலும் வாடியே நிற்கும் செடிதான் கவலைக்குரியது.

செத்த மூன்றுமே கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியில் இருந்தவை. மண்தொட்டியில் இருந்த இன்னொரு செம்பருத்தி நன்றாகவே இருந்தது. ஒரு நாள் மூன்று மணிக்குக் கறுப்புத் தொட்டியின் மேற்குப் பக்கத்தில் கை வைத்தேன், வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். ஓரத்து மண்ணில் தெர்மாமீட்டரைச் செருகினால் 47 டிகிரி செல்சியஸ். 40 டிகிரியிலேயே பெரும்பாலான செடிகளின் வேர் திணற ஆரம்பிக்கும். நானோ வெயிலில் கிடந்த குழாயைத் திறந்து, முதலில் வரும் வெந்நீரை வேறு ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்!

மண்தொட்டியின் சுவர் வழியே ஈரம் ஆவியாவதால் அது குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் சீக்கிரம் காயும், சின்னத் தொட்டி என்றால் கடும் வெயிலில் இரண்டு வேளை தண்ணீர் கேட்கும். எல்லாவற்றையும் மாற்ற முடியாததால், பிளாஸ்டிக் தொட்டிகளைப் பெரிய மண்தொட்டிகளுக்குள் இறக்கி, இடைவெளியில் சருகைத் திணித்தேன். மீதியை ஒன்றோடொன்று நெருக்கி, பெரியவற்றை மேற்குப் பக்கம் வைத்தேன். ஐந்து வருடத்தில் நான் செய்ததிலேயே உருப்படியான வேலை இதுதான்.

சரி, வலைக்கு வருகிறேன். முதலில் வாங்கியது 75 சதவீத நிழல், அதாவது வெளிச்சத்தில் முக்கால் பங்கைத் தடுக்கும் வலை. ‘அதிகம் இருந்தால் நல்லதுதானே’ என்று நினைத்தேன். தக்காளி வெளிச்சம் தேடி ஒல்லியாக நீண்டது, பூவே காணோம். 50 சதவீத வலைக்கு மாறியதும் தேறியது. அதையும் செடியின் தலையிலேயே போர்த்திவிட்டேன். காற்றோட்டம் இல்லாமல் உள்ளே புழுங்கியது. இப்போது ஆள் நிமிர்ந்து நிற்கும் உயரத்தில் கட்டியிருக்கிறேன். ஆனாலும் பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும் வாரங்களில் தக்காளிப் பூ கொட்டத்தான் செய்கிறது. மகரந்தமே அந்தச் சூட்டில் கெட்டுவிடும், வலையைக் குறை சொல்லிப் பயனில்லை.

வெயிலில் இலை மேல் தண்ணீர் பட்டால் பூதக்கண்ணாடி போலக் கருக்கிவிடும் என்று பயந்ததும் உண்டு. 2010-இல் வெளியான ஹங்கேரிய ஆய்வு ஒன்று, வழவழப்பான இலைகளில் அப்படி நடப்பதில்லை என்று காட்டியது. மெழுகு ரோமம் உள்ள இலைகளில்தான் வாய்ப்பு உண்டு. காலையில் ஊற்றுவது நல்லது என்பதற்குக் காரணம் வேறு: வெயில் ஏறுமுன் வேர் குடித்துவிடும்.

வீட்டுக்குள் கதை வேறு. ஏசி காற்று நேராகப் பட்டதில், பீஸ் லில்லி என்ற வீட்டுச் செடியின் இலை நுனி கருகியது. தினமும் தண்ணீர் தெளித்தேன். அந்த ஈரம் சில நிமிடம்கூட நிற்காது. இடத்தை மாற்றியதும் சரியாயிற்று. வறண்ட சூட்டில் சிலந்திப்பேன் வேறு வரும், இலையின் அடியில் மெல்லிய வலை தெரிந்தால் குளியலறைக்குத் தூக்கிப்போய்க் கழுவிவிடுகிறேன். திரி வைத்துத் தானே நீர் இழுக்கும் தொட்டி, ஊருக்குப் போகும் நாட்களில் கைகொடுத்தது. ஆனால் மேல்மண்ணில் வெள்ளையாக உப்புப் படிகிறது, மாதம் ஒருமுறை மேலிருந்து ஊற்றி வடியவிட வேண்டும். ஸ்னேக் பிளான்ட்டுக்கு இது எதுவும் வேண்டாம், மறந்துவிட்டாலே போதும்.

வலை இப்போது ஓரங்களில் நைந்துவிட்டது. புதிதாக வாங்கும்போது, மேலே கட்டுவதற்கு வாங்குமுன் மேற்குப் பக்கம் தொங்கவிட ஒரு துண்டு வாங்கப்போகிறேன்.