எடைக்குப் போக இருந்த இயந்திரங்கள்: ஒரு பழைய மெஷின் வியாபாரியுடன் எங்கள் அனுபவம்

கோவை ஆவாரம்பாளையத்தில் 1984 முதல் என் தந்தை நடத்தி வந்த லேத் பட்டறையை, அவருடைய முழங்கால் வலி காரணமாகக் கடந்த ஆண்டு மூட வேண்டியதாயிற்று. இரண்டு லேத், ஒரு மில்லிங் மெஷின், ஒரு ரேடியல் டிரில்லிங் மெஷின், ஒரு சர்ஃபேஸ் கிரைண்டர், ஒரு ஷேப்பிங் மெஷின் ஆகியவற்றை விற்றுத் தருவதற்காக, பழைய இயந்திரங்களை வாங்கி விற்கும் உள்ளூர் நிறுவனம் ஒன்றை அமர்த்தினோம். அந்தச் சேவையைப் பற்றியதே இந்த மதிப்புரை. குறைகளையும் சொல்லவிருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை.

இவர்களிடம் போவதற்கு முன் ஒரு பழைய இரும்புக் கடைக்காரர் வந்து பார்த்தார். எந்த இயந்திரத்தின் பெயர்ப் பலகையையும் அவர் படிக்கவில்லை. கூடம் முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஒன்பது டன் தேறும் என்று கணக்கிட்டு, எல்லாவற்றுக்கும் சேர்த்து 3,30,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். அப்பாவும் ஏறக்குறைய ஒப்புக்கொண்டுவிட்டார். நாற்பது ஆண்டு ஓடிய இயந்திரத்துக்கு அதற்கு மேல் யார் தருவார்கள் என்பது அவருடைய எண்ணம். தன் பொருளின் விலையைத் தானே குறைத்து மதிப்பிடும் இந்தப் பழக்கம் பட்டறைக்காரர்கள் பலரிடமும் இருக்கிறது. விலைப்புள்ளி போடும்போது தன் உழைப்பைக் கணக்கில் சேர்க்காத அதே பழக்கம்தான் இங்கும் தலைகாட்டுகிறது.

நிறுவனத்திலிருந்து வந்தவர்கள் இருவர்: உரிமையாளர், அவருடன் அறுபது வயதைக் கடந்த ஒரு மெக்கானிக். இந்தச் சேவையின் உண்மையான மதிப்பு அந்த மெக்கானிக்தான் என்பேன். எங்களிடமிருந்த, எச்எம்டி நிறுவனத்தின் எல்பி17 லேத்தின் அருகில் வந்ததும், வண்ணம் உரிந்திருப்பதையோ எண்ணெய்ப் பிசுக்கையோ அவர் பொருட்படுத்தவில்லை. வெட்டும் கருவியைத் தாங்கி நகரும் பகுதியான கேரேஜை, வேலைப்பொருளைப் பிடிக்கும் சக்கின் ஓரத்துக்குக் கொண்டுபோய், அது மெல்ல உரசி நகரும் அளவுக்கு அடிப்பட்டையை இறுக்கிவிட்டு, மறுகோடியில் உள்ள டெயில்ஸ்டாக் பக்கமாகக் கைச்சக்கரத்தைச் சுழற்றினார். லேத்தில் வேலை பெரும்பாலும் சக்கின் அருகிலேயே நடப்பதால், கேரேஜ் நகரும் அடிப்பாதையான பெட் அங்கேதான் தேயும். தேயாத மறுகோடிக்குப் போகப் போகக் கேரேஜ் இறுகிக்கொள்ளும். எங்களுடையது முக்கால் தூரம் இலகுவாகப் போய், அதன் பிறகுதான் இறுகியது. அடுத்து 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு எம்.எஸ். (மென் எஃகு) தண்டைச் சக்கில் பிடித்து, டெயில்ஸ்டாக் ஆதரவு தராமல் மெல்லியதாக ஒரு கட் எடுத்து, 150 மில்லிமீட்டர் நீளத்தின் இரு முனைகளையும் மைக்ரோமீட்டரால் அளந்தார். வேறுபாடு 0.03 மில்லிமீட்டர்தான். கடைசியாக அதிகபட்ச வேகத்தில் ஓடவிட்டு, சக்கைச் சுழற்றும் பகுதியான ஹெட்ஸ்டாக்கின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சில நிமிடங்கள் பேசாமல் நின்றார்.

"இத எடைக்குப் போட்டுடாதீங்கண்ணா, இன்னும் பத்து வருசம் ஓடுமுங்க" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா பதில் சொல்லவில்லை. கையில் கிடைத்த பனியன் வேஸ்ட்டை எடுத்து டூல்போஸ்டைத் துடைக்கத் தொடங்கிவிட்டார்.

அவர்கள் சொன்ன மூன்று ஆலோசனைகளால் எங்களுக்கு நேரடியாகப் பணம் மிச்சமாயிற்று. முதலாவது, மும்முனை மின் இணைப்பைத் துண்டிக்க விண்ணப்பிக்க இருந்த அப்பாவைத் தடுத்தது. 2022 செப்டம்பரில் உயர்ந்த நிலைக்கட்டணத்தை, ஓடாத இயந்திரங்களுக்காக மாதாமாதம் கட்ட வேண்டுமா என்பது அவருடைய நியாயமான கேள்வி. ஆனால் ஓடும் இயந்திரத்துக்கு ஒரு விலை, ஓடுவதாகச் சொல்லப்படும் இயந்திரத்துக்கு வேறு விலை. இரண்டாவது, ஜிஎஸ்டி பதிவை விற்பனை முடியும் வரை ரத்து செய்ய வேண்டாம் என்றது. பதிவு இருந்ததால் 18 சதவீத வரியுடன் முறையான பில் போட முடிந்தது. வாங்கிய பட்டறைக்காரர்கள் அந்த வரியைத் தங்கள் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளலாம் என்பதால் யாரும் அதற்காகப் பேரம் பேசவில்லை. மூன்றாவது, வண்ணம் பூச வேண்டாம் என்றது. புது பெயின்ட்டைக் கண்டாலே வாங்குபவர் எதை மறைத்திருக்கிறார்கள் என்று தேடத் தொடங்கிவிடுவாராம். டீசல் ஊற்றித் துடைப்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

விற்பனை முடிய ஏழு வாரம் ஆனது. எல்பி17 பாலக்காட்டைச் சேர்ந்த ஒருவருக்கு 2,60,000 ரூபாய்க்குப் போனது. மாநிலம் விட்டு மாநிலம் செல்வதால் தேவைப்பட்ட இ-வே பில்லை (சரக்கு கொண்டுசெல்வதற்கான இணையவழிச் சீட்டு) நிறுவனத்தாரே எடுத்துத் தந்தனர். எச்எம்டி எஃப்என்2யு மில்லிங் மெஷினுக்கு 2,90,000 ரூபாய். கர்நாடகத்தின் ஹரிஹரில் தயாரான மைசூர் கிர்லோஸ்கர் லேத்துக்கு 90,000 ரூபாய்தான் கிடைத்தது. அந்த நிறுவனமே இப்போது இல்லாததால் உதிரிப்பாகத்துக்கு இன்னொரு பழைய லேத்தைத்தான் பிரிக்க வேண்டும் என்ற தயக்கம், பார்க்க வந்த எல்லோரிடமும் இருந்தது. ரேடியல் 1,10,000, கிரைண்டர் 75,000. ஷேப்பிங் மெஷினை ஒருவரும் கேட்கவில்லை. அது செய்யும் வேலையை மில்லிங்கில் விரைவாக முடித்துவிடலாம் என்னும்போது அது அடைத்துக்கொள்ளும் இடம்தான் பெரிதாகத் தெரிகிறது. அது மட்டும் எடைக்குப் போய் 45,000 ரூபாய் தந்தது. ஓட்ட நிலையில் விற்றவற்றுக்கு மட்டும் 6 சதவீதக் கமிஷன், 49,500 ரூபாய், எடுத்துக்கொண்டார்கள். எழுதித் தந்த ஒப்பந்தத்தில் இருந்ததும் அதுவே. இரும்புக் கடைக்காரர் சொன்ன தொகையோடு ஒப்பிட்டால் கமிஷனைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. பெரிய இயந்திரங்களிடம் காட்டிய கவனத்தில் கால் பங்கைக்கூட இவர்கள் சிறு கருவிகளிடம் காட்டவில்லை. மில்லிங் மெஷினுக்காக அப்பா தனியாக வாங்கிய டிவைடிங் ஹெட் (வட்டத்தைச் சம பாகங்களாகப் பிரிக்க உதவும் கருவி), மூன்று துளைத் தட்டுகளோடு, மரப்பெட்டியில் இருந்தது. கைப்பிடியை நாற்பது முறை சுழற்றினால் ஸ்பிண்டில் ஒரு முறை சுழலும் அந்தக் கருவியில்தான் அப்பா ஊருக்கெல்லாம் கியர் வெட்டிக் கொடுத்தார். பெட்டி மூடியின் உட்புறத்தில் எத்தனை பல்லுக்கு எந்தத் துளை வட்டம் என்பதைப் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். அந்தப் பெட்டியை மில்லிங் மெஷினின் 'கூடவரும் சாமான்' என்று சேர்த்து லாரியில் ஏற்றிவிட்டார்கள். தனியாக விற்றிருந்தால் நல்ல விலை கிடைத்திருக்கும். கேட்டபோது, வாங்குபவர் பார்வையிட வந்த நாளில் அது மெஷினின் மேசைமேல் இருந்ததாகவும், அதையும் சேர்த்தே விலை பேசியதாகவும் உரிமையாளர் விளக்கினார். பொய் இல்லை, மேசைமேல் வைத்ததும் நாங்கள்தான். ஆனால் அதை எடுத்து ஓரமாக வைக்கச் சொல்ல வேண்டியது அனுபவமுள்ளவரின் கடமை இல்லையா?

இன்னொன்று, உலோகத்தை வெட்டும் கருவிகளின் தேய்ந்த கார்பைடு முனைகள். பல ஆண்டுகளாக எண்ணெய் டின்களில் அப்பா சேர்த்து வைத்திருந்தார். கழிவு இரும்பு விற்கும் விலையைப் போலப் பல மடங்கு விலை டங்ஸ்டன் கார்பைடுக்கு உண்டு. எச்எஸ்எஸ் (அதிவேக எஃகு) டூல்களும் டிரில் துண்டுகளும் அப்படித்தான். இவை எல்லாவற்றையும் வைஸ், ஸ்பேனர், உடைந்த அரம் ஆகியவற்றுடன் கலந்து 'இதர சாமான்கள்' என ஒரே வரியில் எழுதி, 12,000 ரூபாய்க்குத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். டின்களை எடை போடாமல் கையெழுத்திட்டது எங்கள் பிழை. ஆயினும் விற்றுத் தருபவரே வாங்குபவராகவும் ஆகும் இடத்தில் எடை போட்டுக் காட்டியிருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்குத் தீரவில்லை. இந்த நிறுவனத்தை அமர்த்துவோர், அவர்கள் முதன்முறை பார்வையிட வருவதற்கு முன்பே கார்பைடு, எச்எஸ்எஸ், அளவுக் கருவிகள், சக்குகள், டிவைடிங் ஹெட் ஆகியவற்றைப் பிரித்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவது நல்லது. நாங்கள் அப்படி எடுத்து வந்தவை அப்பாவின் வெர்னியரும் இரண்டு மைக்ரோமீட்டர்களும் மட்டுமே.

இயந்திரங்களை ஏற்றிய விதத்தில் குறையே இல்லை. ஹைட்ரா கிரேனின் கை கூடத்துக்குள் நுழையாததால், இரும்புக் குழாய்களை உருளைகளாக இட்டு, கடப்பாரையால் அடி அடியாக நெம்பி, ஒவ்வொன்றையும் வாசல் வரை கொண்டுவந்தார்கள். கயிற்றைக் கட்டும் முன் லேத்தின் நீளத் திருகுத்தண்டான லீட்ஸ்க்ரூவில் கயிறு படாதபடி மரக்கட்டை வைத்தார்கள். யாரும் கேட்காமலே செய்தது அது.

ஆனால் தரையில் பதித்திருந்த அடித்தள போல்ட்டுகளை அப்படியே விட்டுவிட்டார்கள். மில்லிங் மெஷின் இருந்த இடத்தில் மட்டும் நான்கு போல்ட்டுகள் மூன்று அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தன. ஒப்பந்தத்தில் அந்த வேலை இல்லை என்றார்கள். எடுத்துப் பார்த்தேன், இல்லைதான். கட்டிடத்தை வாடகைக்குக் கேட்டவர் அவற்றை அகற்றினால்தான் முன்பணம் தருவேன் என்றதால், காஸ் கட்டிங் ஆளை வரவழைத்து 1,800 ரூபாய் கொடுத்துத் தரைமட்டமாக வெட்டினோம்.