ஜிம்மி கார்ட்டர் வளர்ந்த கடலைப் பண்ணை: காரில் போகிறவர்களுக்கு

அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரின் ஊர், ஜார்ஜியா மாநிலத்தின் பிளெயின்ஸ். அதன் கடைத்தெருவில் படம் எடுத்து, கடலை ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடும் கூட்டம்தான் அதிகம். கார்ட்டர் நாலு வயதிலிருந்து வளர்ந்த பண்ணை ஊருக்குள் இல்லை. மேற்கே இரண்டரை மைல் தள்ளி ஆர்ச்சரியில் இருக்கிறது. ஜிபிஎஸ்ஸில் ஊர்ப் பெயரை மட்டும் போடாமல் ‘ஜிம்மி கார்ட்டர் பாய்ஹுட் ஃபார்ம்’ என்று போடுங்கள். அனுமதி இலவசம்.

அட்லாண்டாவிலிருந்து ஐ-75இல் தெற்கே வந்து, கார்டீலில் 280ஆம் சாலைக்குத் திரும்பி, அமெரிக்கஸ் என்ற ஊர் வழியாகப் போகலாம். பெட்ரோலை அமெரிக்கஸிலேயே போட்டுவிடுங்கள். பிளெயின்ஸில் தம்பி பில்லி கார்ட்டரின் பங்க் கண்ணில் படும், ஆனால் அது இப்போது அருங்காட்சியகம்.

வீடு 1922இல் கட்டியது. அப்பா ஏர்ல் கார்ட்டர் 1928இல் வாங்கினார். 1938இல்தான் மின்சாரம் வந்தது. அதற்கு முந்தைய நிலைக்கே வீட்டைத் திருப்பியிருக்கிறார்கள்: மண்ணெண்ணெய் விளக்கு, விறகடுப்பு, கொல்லையில் கழிப்பறை. 1935இல் தண்ணீர் இறைக்கும் காற்றாலை நட்ட பிறகுதான் வீட்டுக்குள் குழாய்த் தண்ணீர். ஷவர் என்பது அடியில் ஓட்டை போட்ட தகர வாளி. அங்கங்கே உள்ள பொத்தானை அழுத்தினால் கார்ட்டரே தன் குரலில் விளக்குகிறார். இதை விட்டுவிட்டு நடந்தால் வீடு பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும்.

உண்மையில் பார்க்க வேண்டியது வீட்டைச் சுற்றி இருப்பவை. பக்கத்திலேயே டென்னிஸ் மைதானம், அதை ஒட்டி அப்பா நடத்திய கடை. பண்ணையாட்கள் சாமான் வாங்கியது அங்கேதான். கூலி கொடுத்தவரே கடைக்காரர். பின்னால் கொல்லுப்பட்டறையும் கொட்டிலும். சற்றுத் தள்ளி ஜாக், ரேச்சல் கிளார்க் தம்பதியின் சின்ன வீடு. பெற்றோர் ஊரில் இல்லாத இரவுகளில் சிறுவன் ஜிம்மி படுத்தது இந்தக் கறுப்பினக் குடும்பத்தின் தரையில்தான். இரண்டு வீட்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் அன்றைய ஜார்ஜியாவின் நிறப் பாகுபாடு பலகை படிக்காமலே புரியும். 1938இல் அமெரிக்கக் கறுப்பின வீரர் ஜோ லூயிஸ், ஜெர்மனியின் வெள்ளையர் ஷ்மெலிங்கை வீழ்த்திய குத்துச்சண்டையைக் கேட்க, பேட்டரி ரேடியோவை ஜன்னலில் வைத்தார் ஏர்ல். கறுப்பின அண்டை வீட்டார் வெளியே முற்றத்தில் நின்று கேட்டார்கள். நன்றி சொல்லிவிட்டு, தண்டவாளம் தாண்டித் தங்கள் வீட்டுக்குப் போன பிறகே ஆரவாரம் செய்தார்கள்.

ஜூலை, ஆகஸ்டில் போகாதீர்கள். வெயிலோடு, முகத்தை மொய்க்கும் கொசு மாதிரிப் பூச்சிகளும் சேர்ந்துகொள்ளும். மழை பெய்தால் செம்மண் செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும், ஷூ நல்லது. செப்டம்பர், அக்டோபர்தான் பருவம்: எந்திரத்தால் கடலைச் செடியைப் பிடுங்கி, காய் மேலே தெரியும்படி திருப்பிப் போட்டுச் சில நாள் காயவிட்டிருப்பார்கள், வழிநெடுகப் பார்க்கலாம். பண்ணையில் சாப்பாடு கிடைக்காது, தண்ணீர் கையில் இருக்கட்டும். கார்டீலிலிருந்து சுற்றுலா ரயில் வரும் நாளில் கூட்டம் ஒரேயடியாக இறங்கும். ரயில் அட்டவணையைப் பார்த்துவிட்டு எந்த நாள் போவது என்று முடிவு செய்யுங்கள்.

ஊருக்குள் இரண்டு இடம் போதும். பழைய உயர்நிலைப் பள்ளி இப்போது பார்வையாளர் மையம். வரைபடம் வாங்க முதலில் அங்கே போங்கள். அடுத்தது கார்ட்டரின் 1976 அதிபர் தேர்தல் அலுவலகமாக இருந்த ரயில் நிலையம். கழிப்பறை இருந்த ஒரே காலிக் கட்டடம் என்பதால்தான் அதைப் பிடித்தார்களாம். 13 அடி உயரச் சிரிக்கும் கடலைப் பொம்மைக்கு ஒரு படம், அவ்வளவே.

தாங்க்ஸ்கிவிங், கிறிஸ்துமஸ், புத்தாண்டு ஆகிய மூன்று நாளும் விடுமுறை.